காரேஜில் ஷார்த்ர் கோயில் பாதை

4 மார்ச் 1985, காப்பெல், அமெரிக்கா
வேலூரில் ஷ்யாமளா அக்காவுக்கு இருபத்து மூன்றாம் தேதி இதய ஆபரேஷன். போகிறேன் என்றேன். "கிரீன் கார்டு அப்ளிகேஷன் உள்ள இருக்கறப்போ நாட்டை விட்டுப் போனா, எல்லாம் முதல்லேர்ந்து. லாயர் சொல்லிட்டார்" என்றார் இவர்.
லாயருக்கு அக்கா உண்டா?

7 மார்ச்
ஏதாவது கோயில் படம் பார்க்கவேண்டும்போல் இருந்தது. லைப்ரரியில் பிரான்ஸ் தேசத்து மாதா கோயில் புத்தகம்தான் இருந்தது. ஊர் ஷார்த்ர். 1194-இல் கோயில் எரிந்து, மாதாவின் வஸ்திரமும் போயிற்று என்று ஊரே அழுததாம். மூன்றாம் நாள் நிலவறையிலிருந்து அதைப் பத்திரமாக எடுத்து வந்தார்களாம். பிறகு கட்டியதுதான் இப்போது நிற்பது. கூரையின் பாரத்தை வெளியே நிற்கும் கல் வளைவுகள் வாங்கிக்கொள்கின்றன. அதனால் உள்ளே சுவர் இருக்கவேண்டிய இடமெல்லாம் வண்ணக் கண்ணாடி.
வெளியே நின்றும் தாங்கலாமா?

9 மார்ச்
அந்தக் கோயில் தரையில் நாற்பத்திரண்டு அடி வட்டம். அதற்குள் ஒரே பாதை, பதினோரு சுற்றாக வளைந்து நடுவுக்குப் போகிறது. ஜெருசலேம் போக முடியாதவர்கள் இதில் நடந்தார்கள் என்று சொல்வதுண்டாம்.
போக முடியாதவர்கள்.

11 மார்ச்
காரேஜ் தரையில் சாக்பீஸால் போட்டுவிட்டேன். பதினெட்டு அடிதான் கிடைத்தது. சாயங்காலம் இவர் காரை உள்ளே விட வந்தார். மறித்து நின்றேன்.
"ஆலங்கட்டி சீசன்டி. பெருமாளைச் சேவிக்கறவ, மாதா கோயில் கோலத்தைச் சுத்தப் போறியாக்கும்?"
"ஸ்ரீரங்கம் தாயாரை நினைச்சுண்டு சுத்தறேன். ஊருக்குத்தான் போக விடலையே நீங்க."
காரைப் பின்னால் எடுத்தார்.

16 மார்ச்
நடு வந்துவிட்டது என்று நினைக்கும்போது பாதை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஆனால் தப்பு வழி என்று ஒன்று இல்லை. நடந்தால் போதும்.

19 மார்ச்
ரேடியோவில் ஆலங்கட்டி எச்சரிக்கை. மனசு கேட்கவில்லை. "காரை உள்ள விடுங்கோ, அழிஞ்சா மறுபடி போட்டுக்கறேன்" என்றேன். "ரெண்டு கம்பளி குடு" என்றார். காருக்குப் போர்த்திக் கயிற்றால் கட்டினார். அப்படியும் கார் கூரையில் பள்ளங்கள்.

23 மார்ச்
அத்திம்பேர் ஃபோன். கண் விழித்துவிட்டாள். தாயாரே.

2 ஏப்ரல்
அக்காவே பேசினாள். குரல் நூலாக இருந்தது. "ஏண்டி, உன் அத்திம்பேர் சொன்னார், நம்ம ரங்கநாதர் போறாதுன்னு மாதாவையும் எழுப்பிட்டியாமே? சிரிக்க வைக்காதே, தையல் வலிக்கறது."
"நான் வரலைன்னு கோபமா அக்கா?"
"இருந்தது. இப்போ வலி மட்டுந்தான்."
ஃபோனை வைத்துவிட்டு, காரேஜைக் கழுவ வாளியுடன் போனேன். இவர் ஷூவைக் கழற்றிவிட்டு அங்கே நின்றிருந்தார்.
"எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்டார்.