நுங்குக் கிண்ணத்துக்கு அடியில்

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் டயட்டீஷியன் ஜெனோவா புருஷனுக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ரெக்ஸன் மதியம்தான் வருவான். நேற்று அவள் நோயாளிகளுக்குப் போட்ட உணவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தான்.

"ஏளா, வாரம் மூணு நாள் மீன் திங்கச் சொல்லுதியே, இது தடைக்காலம்லா? விசைப்படகெல்லாம் கரையில கெடக்கு. சனம் மீனுக்கு எங்கன போவும்?"

அதிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை.

"முருங்கைக்கீரைப் பொரியலும் பாசிப்பயறுக் குழம்பும் மூடி வச்சிருக்கேன். கருவாடு ரெண்டே துண்டு. ஊறப்போட்டு உப்பை எடுத்துட்டேன், ஆனாலும் உங்க பிரஷருக்கு அதுவே ஜாஸ்தி. நுங்கைத் தோலோட சாப்பிடணும். கோபம் இன்னும் தீரல."

எழுதி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தில் இன்னும் கொஞ்சம் நுழைத்தாள். அதன்மேல் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து, எழுத்து மறையும்வரை தோலோடு நுங்கை நிரப்பினாள். தின்று தீர்த்தால்தான் அவனால் படிக்க முடியும்:

"நீங்க சொன்னதுதான் சரி. பட்டியல்ல மீனை எடுத்துட்டு கீரை, பயறு, நுங்குன்னு போட்டுட்டேன். சிரிச்சது போதும், கிண்ணத்தைக் கழுவி வைங்க."