புறங்கையால் தள்ளிய மண்

புரட்டாசி 9, செவ்வாய்

வெயில். மேகம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனது. ஆட்டோவுக்கு நாலே சவாரி.

தங்கச்சி செல்வி போய் இன்றோடு இருபத்தாறு நாள். அவள் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டில். சுபாவுக்கு எட்டு வயது, வாயைத் திறப்பதில்லை. குமாருக்கு ஐந்து, மூடுவதில்லை. காலாண்டு லீவு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை செல்வி மாப்பிள்ளை வந்து பிள்ளைகளைத் திருப்பூருக்குக் கூட்டிப்போகிறார். அதற்குள் சுபா ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போடுவதாக முடிவு.

என் கை பட்ட விதை மூன்றே நாளில் முளைக்கும், கலெக்டர் ஆபீசிலிருந்தே வந்து பார்த்தார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். (வந்தார்கள். வேறு வேலையாக.) என் வீட்டுக்காரி பார்வதி அடுப்படியிலிருந்து, "கத்தாழையையே பட்டுப்போக வச்ச கை" என்றாள்.

வாங்க: களைக்கொத்து, சின்ன வாளி 2, விதை.

10, புதன்

காற்று. கண்ணெல்லாம் மண்.

கரிசல் வெடித்துக் கிடந்தது. கடப்பாரையால் கொத்தி நாலு குடம் தண்ணீர் விட்டேன். பத்துக் குடம் என்று எதிர்வீட்டில் சொல்லியிருக்கிறேன். காலில் சேறு அப்பிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மாமாவுக்கு யானைக்கால் என்று குமார் கைதட்டினான். சுபா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்புதான் அது.

விதைக்கு மளிகைக்கடையில் நவதானியப் பாக்கெட் வாங்கினேன். சீக்கிரம் முளைக்குமே என்று. பார்வதி பாக்கெட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

குமார் தூவினான். பிறகு யாரும் சொல்லாமலே பாத்திக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புறங்கையால் மண்ணைத் தள்ளினான். மூன்று தடவை.

"இப்படித்தான மாமா?"

அவன் அம்மா குழிக்கு அப்படித்தான் தள்ளச் சொன்னோம். மறுநாள் பால் ஊற்றி, இதே தானியத்தை அவன் கையால் தூவவும் வைத்தோம். அவனைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்.

"அங்கன போட்டது மொளைச்சிருக்குமா?"

"முழங்கால் உயரம்லே. பச்சப்பசேல்னு நிக்கி."

வாய் முந்திக்கொண்டது. அந்த முகத்தைப் பார்த்து வேறு சொல்ல ஏலாது.

சுபா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொம்பளைப் பிள்ளை என்று அவளை மயானத்துக்கு விடவில்லை.

11, வியாழன்

தனியாக மயானம் போனேன். ஒரு இலை இல்லை. கை நுழைகிற வெடிப்பு. ஆட்டுப் புழுக்கை. கேனில் கொண்டுபோன தண்ணீரை ஊற்றி, பாக்கெட்டில் மீதி இருந்ததைத் தூவினேன்.

ஸ்டாண்டில் எல்லாரும், காய்ச்சலா அண்ணாச்சி, சத்தத்தையே காணோமே என்றார்கள்.

ஆட்டோவுக்கு ஆயில் மாற்ற வேண்டும்.

13, சனி

வீட்டுப் பாத்தியில் முளை! பாசிப்பயறு முதலில். குமார் எண்ணினான், முப்பத்தேழு. எண்ணும்போதே இரண்டை மிதித்துவிட்டான். தெருவே கூடிப் பார்த்தது. பால்காரம்மா மட்டும்.

மயானத்துக்கும் விடாமல் தண்ணீர். இன்று காலையில் அங்கேயும் நாலு முளை. கூனிக்கொண்டு, கம்மல் திருகாணி அளவு. முழங்கால் உயரத்துக்கு எங்கே போவேன்?

சாயங்காலம் ஆட்டோவைத் துடைக்கும்போது சுபா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா வாறதுக்கு முன்ன என்னையும் அங்கன கூட்டிட்டுப் போவியளா?"

பேசிவிட்டாள். நான் ஆசைப்பட்டது இதற்காக அல்ல. பொம்பளைகள் போகிற இடமா அது என்று பார்வதி அதட்டினாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"போவோம்ட்டி" என்றேன்.

14, ஞாயிறு

விடிந்ததும் மூன்று பேரும் ஆட்டோவில். ஒரு குடம் தண்ணீர். மேகம் உண்டு, மழை இல்லை.

ஆடு மேய்ந்திருந்தது. நாலு முளையும் இல்லை. வெறும் மண்.

"முழங்கால் உயரம்னீங்க" என்றான் குமார்.

ஆடு தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதானே. அந்தப் பாதியைச் சொல்ல நாக்கு வரவில்லை.

"மாமா பொய் சொன்னேன்லே."

"அப்பம் அம்மாவுக்கு ஒண்ணுமே மொளைக்கலையா?"

குடத்தை ஆட்டோவிலிருந்து இறக்கி மேட்டருகே வைத்தேன்.

சுபா மேட்டைச் சுற்றி வந்தாள்.

"தலை எந்தப் பக்கம், மாமா?"

குழிக்குள் இறங்கிச் செல்வியை வாங்கிப் படுக்கவைத்தவன் நான். தெற்கே கை காட்டினேன். சுபா அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். குடத்தைச் சாய்த்து, உள்ளங்கையில் வாங்கி வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். தலைவாரும் முன் முடியை நனைக்கிற மாதிரி. மண் குடித்துக்கொண்டே இருந்தது.

குடம் காலி. இன்னும் வேணும் என்றாள். மாப்பிள்ளை வந்து இறங்கிவிட்டார் போல, போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டு அடிகுழாய்க்கு நடந்தேன்.