சும்மா திரும்பாத தூக்குச்சட்டி

1943, ஆகஸ்ட் 9

எதிர்ச்சொல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் என்னிடம் ஒருமுறை கேட்டாள்: "டீச்சர், அனாதைக்கு எதிர்ச்சொல் என்ன?" "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். நான் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. அந்த நாளை இன்னும் வரவில்லை.

இன்று அது நினைவுக்கு வரக் காரணம், ஆரப்பாளையத்தில் திறந்திருக்கும் கஞ்சித்தொட்டி. வாந்திபேதியால் பிழைப்பு போனவர்களுக்குச் சர்க்கார் மதியக் கஞ்சி ஊற்றுகிறது. சீட்டு இருந்தால்தான் கஞ்சி. சீட்டின் தலையில் பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள்: 'அனாதைச் சீட்டு'.

யார் இப்படி எழுதியது? ஒன்றுமில்லாதவன் என்பதற்கும் யாருமில்லாதவன் என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்.

ஆகஸ்ட் 11

தெருக் கிணற்றில் மருந்து போட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 13

வியாதி ஓயும்வரை வெட்டிய பழம், ஐஸ், சர்பத் எதுவும் விற்கக் கூடாது என்று உத்தரவு. பக்கத்து வீட்டு சிஹாபுதீனின் சர்பத் வண்டி சக்கரத்தில் கல் வைத்தபடி வாசலில் நிற்கிறது. உத்தரவு சரிதான், எத்தனை பாடை போகிறது. ஆனால் அவன் வீட்டில் ஹாஜரா ஆடி மாதம் பெற்ற பிள்ளையோடு இருக்கிறாள். குழந்தை லத்தீபா பகலெல்லாம் சிணுங்குகிறது. தாய்க்குப் பால் போதவில்லை. சாப்பிட்டால்தானே ஊறும்.

ஒரு கிண்ணம் அரிசி கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலமே கிண்ணம் திரும்பியது, உள்ளே நன்னாரிப் பாகு. பாத்திரத்தைச் சும்மா திருப்பக் கூடாது என்பது இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் சட்டம்.

ஆகஸ்ட் 17

மறுபடி அரிசி எடுத்துப் போனேன். ஹாஜரா வாங்கவில்லை. "இருக்கு டீச்சரம்மா, நெறைய இருக்கு" என்று சிரித்தாள். அடுப்படியில் புகை இல்லை. பாகு தீர்ந்துவிட்டது, கிண்ணத்தில் திருப்பிப் போட ஒன்றுமில்லை. அதனால்தான் 'நெறைய இருக்கு'.

ஆகஸ்ட் 20

சிஹாபுதீனிடம் கஞ்சித்தொட்டிக்குப் போகச் சொல்லி வாதாடினேன். எனக்கு உதாரணம் இல்லாமல் பேச வராது.

"நான் பென்ஷன் வாங்குறேன். அதுவும் சர்க்கார் குடுக்குறதுதானே?"

"நீங்க முப்பது வருசம் கத்தி வாங்குறீக. நான் என்னத்தக் கத்துனேன்?"

"சர்பத்து சர்பத்துன்னு தெருத்தெருவா நீ கத்துனது பத்தாதா?"

சிரித்துவிட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "கஞ்சி வாங்கலாம் டீச்சரம்மா. அந்தச் சீட்ட வாங்க முடியாது. 'நீங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கையில நான் எப்படி அனாதை?'ன்னு ஹாஜரா கேக்குறா. நான் என்ன பதில் சொல்ல?"

நீ உயிரோடு இருக்கும்போதே மனைவியை அனாதையாக்கு என்று எந்த வாயால் சொல்வது?

ஆகஸ்ட் 24

அந்த வார்த்தையை மாற்றச் சொல்லித் தொட்டிக் குமாஸ்தாவைப் பார்த்தேன். மரியாதையான பிள்ளை. "அச்சடிச்ச கட்டு தீரட்டும்மா, அடுத்த கட்டுல பாப்போம்." கட்டு அவர் தோள் உயரத்துக்கு இருந்தது.

ஆகஸ்ட் 28

பாண்டியம்மாள் சீட்டு வாங்கிவிட்டாள். எழுமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, தெருக்கோடிக் குடிசையில் இருப்பவள். அவள் புருஷன் சின்னான் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். வியாதிக்குப் பயந்து வண்டிகள் வராததால் மூட்டையும் இல்லை. சீட்டை என்னிடம் நீட்டினாள்.

"என்னம்மா போட்டிருக்கு இதுல?"

"பாண்டியம்மாள், நாலு பேர்."

"மேல பெருசா இருக்கே?"

"அது… சர்க்கார் சீட்டுன்னு."

எழுத்துப் பிழைக்கு ஆயிரம் பிரம்படி கொடுத்தவள் நான். இன்று வேண்டுமென்றே தப்பாகப் படித்தேன்.

செப்டம்பர் 3

நோன்பு தொடங்கிவிட்டது. பள்ளிவாசலில் சாயங்காலம் கஞ்சி. வழக்கம்போல எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பாத்திரத்தோடு நிற்கிறார்கள். இதற்குச் சீட்டும் இல்லை, தலைப்பும் இல்லை. சிஹாபுதீன்தான் அகப்பை பிடிக்கிறான். அவன் வீட்டுக்கும் அதுதான் நாளுக்கு ஒரு வேளை உணவு. பால் கொடுப்பவளுக்கு அது எந்த மூலைக்கு?

பாண்டியம்மாளின் சட்டி ஓட்டை. ஹாஜராவின் தூக்குச்சட்டியை இரவல் வாங்கிப் போனாள்.

செப்டம்பர் 4

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

மதியம் ஹாஜரா வீட்டில் குழந்தையை மடியில் வைத்திருந்தேன். பாண்டியம்மாள் வந்து சட்டியை வைத்தாள். ஹாஜரா மூடியைத் திறந்தாள்.

"என்ன பாண்டியம்மா இது?"

"கஞ்சி. ஒங்க சட்டியச் சும்மா கொண்டாந்தா நல்லாவா இருக்கும்?"

"தொட்டிக் கஞ்சியா?"

"ஆமா. நேத்து ஒங்க கஞ்சி எங்களுக்கு எறங்குச்சுல்ல. எங்க கஞ்சி ஒங்களுக்கு எறங்காதோ?"

"ஒங் கஞ்சியா? அது சர்க்கார் கஞ்சிடீ."

"சர்க்காரு எனக்குக் குடுத்துருச்சுல்லக்கா. பெறகு அது ஏங் கஞ்சிதான்."

ஹாஜரா என்னைப் பார்த்தாள். நான் குழந்தையைப் பார்த்தேன். உள்ளேயிருந்து சிஹாபுதீன் குரல்: "வாங்கி வையி ஹாஜரா. நெறஞ்சு வந்த சட்டிய யாராச்சும் திருப்பி அனுப்புவாகளா?"

பிள்ளை பெற்றவளுக்கு நோன்பு கடமையில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து குடித்தாள். பாண்டியம்மாள் அவள் முகம் பார்க்காமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன், உன் பிள்ளைகளுக்கு மிச்சம் உண்டா என்று. "சின்னான் உசிலம்பட்டி ரோட்டுக்குக் கல்லுடைக்கப் போயிருக்காருல்லம்மா, சர்க்கார் வேலை. அவரு பங்கு சும்மாதான இருக்கு." இந்தக் குறிப்பைச் சர்க்கார் படிக்காது என்று நம்புகிறேன்.

செப்டம்பர் 5

சாயங்காலம் சட்டியில் பள்ளிவாசல் கஞ்சி போகிறது. மதியம் தொட்டிக் கஞ்சி வருகிறது. சட்டி யாருடையது என்பதே மறந்துவிடும் போல.

செப்டம்பர் 7

நானும் கற்றுக்கொண்டேன். ஹாஜராவிடம் போய், "கொஞ்சம் புளி இருக்கா?" என்றேன். என் வீட்டில் பானை நிறையப் புளி. அவள் முகம் மலர்ந்தது. கிண்ணத்தில் உருட்டி வைத்துக் கொடுத்தாள். கிண்ணத்தை அரிசியோடு திருப்பினேன். வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 15

லத்தீபா இப்போது சிணுங்குவதில்லை. தெருவே கேட்க அலறுகிறாள். அப்பனின் குரல்.

அக்டோபர் 19

நேற்று உத்தரவு நீங்கியது. சிஹாபுதீன் சக்கரத்துக் கல்லை எடுத்தான். முதல் கிளாஸ் சர்பத்தைப் பாண்டியம்மாளுக்குக் கொடுத்தான். குடித்துவிட்டு, "சீனி கம்மிண்ணே" என்றாள். "ஓசியில குடிக்கிறவளுக்கு வாயப் பாரு" என்றான். சின்னான் இன்னும் வரவில்லை. ரோடு வேலை இருக்கும்வரை அங்கேதான்.

தூக்குச்சட்டி பாண்டியம்மாள் வீட்டிலேயே இருக்கிறது. ஹாஜரா கேட்கவில்லை.

கடைசி வரிசைப் பெண் கேட்ட எதிர்ச்சொல் இன்னும் கிடைக்கவில்லை. இந்த நோட்டை என்றாவது யாராவது எடுத்துப் படித்தால் ஒன்று செய்து பாருங்கள். பிழைப்புப் போன பக்கத்து வீட்டுக்கு எதையும் கொண்டுபோகும் முன், அவர்களிடம் போய் ஒரு கிண்ணம் இரவல் கேளுங்கள்.