பிஸ்கட் டப்பாவும் கறுப்பு அடாப்டரும்

என் மகன் உருண்டைக்கு,

நீயும் மருமகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன். முட்டிவலி அப்படியேதான், பசி எடுக்கிறது, தூக்கம்தான் பிடிக்கவில்லை. அப்பா போய் ஏழு வாரம் ஆகிறது. போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து வேறு பேச்சுக்கு இழுத்துவிடுவாய், எனக்கும் அழுகை வந்து பேச்சு நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு எழுத்து இப்படித்தான் கோணலாக இருக்கும், பாதியில் மடித்து வைத்துவிடாதே. உன் மேல் எனக்குக் கோபம். கொஞ்சநஞ்சக் கோபம் இல்லை.

அப்பாவின் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று போன வாரம் சொன்னேன் அல்லவா, நீ சின்ன வயதில் டிவியில் மாட்டி விளையாடிய அந்தப் பழைய பெட்டி. நீ என்ன சொன்னாய்? "ரொம்பப் பழசும்மா, அப்பா சரியாப் பார்த்துக்காம விட்டிருப்பாரு, தானா போயிருக்கும், தூக்கிப் போடுங்க" என்றாய். கூசாமல் சொன்னாய். உன் அப்பாவா பார்த்துக்கொள்ளவில்லை? அவருக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு அந்த வேலையில் பாதி என் கையால் நடந்தது, அது உனக்குத் தெரியாது, நீ கேட்டதும் இல்லை. பெட்டி மேல் இருக்கிற எழுத்துப் பட்டனை ஒவ்வொன்றாகப் பிடுங்கி சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்து, துண்டில் வரிசை மாறாமல் காயவைப்பேன். ஈயம் பற்றவைப்பதும் நான்தான். "சுவத்துக்கு சுண்ணாம்பா அடிக்கிற, ஒரு பொட்டு வச்சாப் போதும்" என்று கத்துவார். அப்போ நீங்களே வைங்க என்று பற்றவைக்கிற கம்பியைச் சூட்டோடு நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில்கூட ஓட்டினோம். பாம்பு விளையாட்டில் நான் ஜெயித்தேன், கண்ணு தெரியாதவன்கிட்ட ஜெயிச்சுட்டு இந்தப் பெருமையா என்று முறைத்துக்கொண்டார். அவர் போகும்போது அந்தப் பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுக்கொள்.

அப்பா காரியம் முடிந்து நீ ஊருக்குக் கிளம்பிய மறுநாள் குப்பைக்கூடையைக் கொட்டப் போனேன். அப்பா பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்துச் செய்திருந்த அடாப்டர் அதில் கிடந்தது. டிவிக்குப் பின்னால், பெட்டி வாங்கும்போது கூட வந்த கறுப்பு அடாப்டர் சொருகியபடி இருந்தது. பெட்டி மேல் போடுகிற துணியை இழுத்து அழகாக மூடியிருந்தாய், தூக்கினால் தீய்ந்த வாடை. மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஐந்து வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்பது. வயதானால் அந்தக் கறுப்பு சனியன் கரண்டைக் கூட்டி அனுப்பி உள்ளே இருக்கிற சிப்பைச் சுட்டுவிடும், அதனால்தான் அப்பா வேறு செய்தார். கூடவே வந்ததாச்சே என்று எறிய மனசில்லாமல் மேல் தட்டில் வைத்திருந்தார். பிஸ்கட் டப்பாவையே நான் மீட்டரைப் படித்து ஐந்து என்று சொன்ன பிறகுதான் சொருகுவார். நீ பளபளப்பைப் பார்த்து அதை எடுத்தாய், டேப் சுற்றியதைப் பார்த்து இதை எறிந்தாய். அம்மா தனியாக இருக்கிறாள், தீப்பிடித்துவிடும் என்று பயந்திருப்பாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. சிப் போனதற்கு நான் கோபப்படவில்லை. இத்தனை வாரம் நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானாகப் பேச்சை எடுத்துக் கொடுத்தேன். அப்போதும், வந்து பதில் சொல்ல முடியாத மனுஷன் தலையில் தூக்கிப் போட்டாயே, அதற்குத்தான் கோபம்.

பெட்டியை டிவி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். திறந்து, பிஸ்கட் டப்பாவைச் சொருகி விரலை வைத்தவர் சுட்டுக்கொண்டு உதறினார், இரண்டு சிப் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. "கறுப்பு அடாப்டரை யாரும்மா சொருகுனது?" என்றார். என் கைதான் மாறிப்போச்சு என்று சொன்னேன். "ஐயா கையவிட உங்க கை கவனமான கையாச்சேம்மா" என்றார். உனக்காகப் பொய் சொன்னேன்டா, அதுவும் அப்பாவின் கைவேலை தெரிந்த ஒரே வெளிமனுஷனிடம். உன் அத்தை வேறு வந்து, பெட்டிக்குப் பார்க்கிற வைத்தியத்தை உன் முட்டிக்குப் பாரேன் என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போனாள். பண்ணட்டும். அப்பா எடுத்து வைத்திருந்த பழைய போர்டிலிருந்து இரண்டு சிப்பைக் கழற்றி நானும் மெக்கானிக்கும் மாற்றிவிட்டோம். இப்போது நீலத் திரை வருகிறது, எழுத்துதான் கலைந்து கிடக்கிறது. இன்னும் ஒன்று போயிருக்கும் என்கிறார். விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். என்னிடம் மன்னிப்பு எல்லாம் கேட்க வேண்டாம். அப்பா சரியாகத்தான் வைத்திருந்தார், கெடுத்தது நான் என்று உன் வாயால் சொல், அது போதும். பேத்திக்கு இருமல் நின்றதா? குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதே. மருமகளை வேளைக்குச் சாப்பிடச் சொல். கோபம் கோபம்தான், அதற்காக நீ நன்றாக இருக்கக் கூடாது என்று இந்த வாய் சொல்லாது. நூறு வயது இரு.

உன் அம்மா.

கவரை ஒட்டுவதற்கு முன் ஒன்று. நீ சொருகி அது தீய்ந்தபோது அப்பாவைக் கூப்பிட முடியாது, சரி. பத்தடி தள்ளி அடுப்படியில் நான் நின்றுகொண்டிருந்தேனே, என்னை ஏன்டா கூப்பிடவில்லை?