தண்ணீரும் அடித்துப் பார்த்தேன்

தேன்கனிக்கோட்டை
8 டிசம்பர் 2024

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

அம்மா வீட்டில் சுகம். கோபம்தான் இறங்கவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

மூடிய அறைக்குள் ஆபத்தில்லாத வைரஸைப் பரப்பி, நம் கம்பெனியின் கிருமிநாசினி ஸ்பிரேயை அடித்து, காற்றில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பது என் வேலை. பாதியாகக் குறைந்தது என்றதும் சந்தோஷத்தில் குதித்தீர்கள். வெறும் தண்ணீரை அடித்தபோதும் அதே அளவுதான் குறைந்தது. துளிகள் வைரஸைத் தரைக்கு இழுக்கின்றன, அவ்வளவுதான். மேசைமேல் அடித்தால் கொல்கிறது, காற்றில் கொல்லவில்லை.

மீட்டிங்கில் இதைத்தானே சொன்னேன்? “சார், தண்ணியும் அடிச்சுப் பாத்தேன்” என்றதும், “அடிச்சும் இவ்ளோ ஸ்டெடியா பேசுறீங்களே மேடம்!” என்றார் எம்.டி. எல்லோரும் சிரித்தார்கள். சேல்ஸ் மேனேஜரான நீங்கள்தான் அதிகச் சத்தமாகச் சிரித்தீர்கள். அதோடு என் சோதனையைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

‘காற்றிலுள்ள வைரஸையும் கொல்லும்’ என்ற வரியை டப்பாவிலிருந்து எடுக்க வையுங்கள். மறுநாளே வருகிறேன்.

வினோதா

ஓசூர்
13 டிசம்பர்

என் கோபக்காரிக்கு,

ஒரு ஜோக்குக்கா பெட்டியைக் கட்டினாய்? நீ இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. டப்பா எல்லாம் அச்சாகிவிட்டது, நான் என்ன செய்ய? நேற்று உனக்குப் பாடம் எடுத்த முனிலட்சுமி டீச்சரின் பள்ளிக்கூடத்தில் ஸ்பிரே டெமோ. வகுப்பு வகுப்பாக ஜன்னலைச் சாத்தி அடித்தோம். டீச்சருக்கு ஒரே சந்தோஷம்.

இங்கே என் அம்மாவுக்கு ஃப்ளூ. பயப்படாதே, அறை ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன். “குளிருது, சாத்துடா” என்று திட்டுகிறார். நான் சாத்தவில்லை. சீக்கிரம் வா.

உன் ராஜசேகர்

தேன்கனிக்கோட்டை
18 டிசம்பர்

ராஜசேகருக்கு,

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். கஞ்சி சூடாகக் கொடுங்கள்.

வீட்டில் பெட்டி பெட்டியாக ஸ்பிரே கிடக்கிறதே, அத்தை அறையில் ஏன் அடிக்கவில்லை?

உங்களுக்குப் புரியவில்லை என்றுதான் இத்தனை நாள் மன்றாடினேன். நன்றாகவே புரிந்திருக்கிறது. பெற்றவளுக்கு ஜன்னலைத் திறந்தீர்கள், ஊரார் பிள்ளைகளுக்குச் சாத்தினீர்கள்.

முனிலட்சுமி டீச்சரிடம் நேரில் போய்ச் சொன்னேன். “மருந்துதான் அடிச்சாச்சேன்னு காய்ச்சல் புள்ளைங்களையும் வரச் சொல்லிட்டனேம்மா” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜன்னல்களை நானே திறந்தேன். நீங்கள் டெமோ காட்டிய மற்ற பள்ளிகளுக்கும் போவேன்.

வேலையை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருவான். என் துணிமணிகளைக் கொடுத்தனுப்புங்கள்.

வினோதா