அமரர் ஆனபின் அச்சேறிய பெயர்

மச்சான்,

இன்று தபாலில் 'கிரேக்கம்: பயணிகளுக்கு ஓர் அறிமுகம்' வந்தது. கிரேக்கப் பயணத்துக்கு ஆட்கள் கூடிவிட்டதால் எங்கள் தமிழ்ச் சங்கம் மறுபடி அச்சடித்திருக்கிறது. மை வாசம் இன்னும் போகவில்லை. முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் உன் பெயர், அதற்கு முன்னால் 'அமரர்'. உறையைக் கிழித்த கையோடு புத்தகத்தையும் கிழித்திருப்பேன். நீ எழுதியது என்பதால் விட்டேன்.

ஆறு மாதத்துக்கு முன் வந்த முதல் அச்சில் உன் பெயர் ஏன் இல்லை? நீ உயிரோடு இருந்தாய். அதுதான் உன் குற்றம்.

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சைக்கு நீ கிரேக்க உரோம நாகரிகம் எடுத்தாய். பௌதிகம் படித்த நாங்கள் உனக்கு 'யவனன்' என்று பட்டம் வைத்துச் சிரித்தோம். முப்பது வருடம் கழித்து, கடல் கடந்த இந்த நாட்டில், ஸ்பிரிங்வேலில் ஒரு மீன்கடை வாசலில் "டேய்!" என்று குரல் கேட்டுத் திரும்பினால் நீ. நான் விமானத்தில் வந்த எஞ்சினியர். நீ படகில் வந்து, தற்காலிக விசாவில் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தாய்.

சங்கம் கிரேக்கப் பயணத்துக்கு ஒரு கைநூல் தேடியபோது உன்னைச் சொன்னது நான்தான். சனி ஞாயிறுகளில் எங்கள் குசினி மேசையில் இருந்து எழுதினாய். ஏதென்ஸின் பார்த்தினோன் கோயில் தூண்கள் நடுவில் சற்றே பருத்திருக்கும் என்று படம் கீறிக் காட்டினாய்.

"நேராய்த் தெரியிறதுக்காகத்தான் மச்சான், கொஞ்சம் வளைச்சுக் கட்டினவங்கள்."

"நீயும் வாவன், நேரிலை காட்டலாம்" என்றேன், யோசிக்காமல்.

"இந்த விசாவோடை நான் வெளிக்கிட்டா, திரும்பி உள்ளுக்கு விடுவாங்களே?" என்று சிரித்தாய். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

கடைசிப் பக்கத்தைத்தான் நீ மூன்று தரம் திருத்தினாய். 1922இல் துருக்கிக் கரையில் ஸ்மிர்னா நகரம் எரிந்தபோது கப்பல்களில் தப்பி, பிரேயஸ் துறைமுகத்தில் வந்து இறங்கிய கிரேக்க அகதிகளைப் பற்றிய பக்கம். ஏதென்ஸ் நாடக அரங்கின் பார்வையாளர் மாடங்களில் குடும்பம் குடும்பமாய் அவர்கள் தங்கிய கதை. "கோயில் பார்க்க ஓடுமுன் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்" என்று எழுதியிருந்தாய். "கிரேக்கர் அந்நியனுக்கும் விருந்தாளிக்கும் ஒரே சொல் வைத்திருந்தார்கள்: க்ஸேனோஸ்."

நானும் இருந்த கமிட்டியில் சங்கத் தலைவர் அந்தப் பக்கத்தை இரண்டு விரலால் தள்ளிவிட்டார்.

"உல்லாசமாப் போற சனத்துக்கு உந்த அகதிக் கதை என்னத்துக்கு? பேரும் வேண்டாம். விசா சரிவராத ஆள், பிறகு அவருக்குத்தான் கரைச்சல்."

என்ன கரிசனை! படகில் வந்தவனின் பெயர் தங்கள் சங்கத்து நூலில் இருக்கக்கூடாது என்று சொல்ல வாய் வராமல், உன் நன்மைக்கு என்றார்கள். எட்டுப் பேர் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை. உன் தூணாவது நேராகத் தெரிய வளைந்தது. நான் எதற்கு வளைந்தேன்?

உன்னிடம் வந்து சொன்னபோது நீ கோபப்படக்கூட இல்லை. "எனக்கென்ன கரைச்சல்? நான் ஏதென்ஸைப் பற்றித்தானே எழுதினனான்" என்றாய்.

ஆனி மாதம் வேலைக்குப் போகிற வழியில் உன் இதயம் நின்றது. இறுதிச் சடங்கில் அதே தலைவர் மைக்கைப் பிடித்து, "எங்கடை சங்கத்தின்ரை அறிஞரை இழந்திட்டம்" என்று கண்ணைத் துடைத்தார். செத்தவனுக்கு விசா தேவையில்லை பார், அதனால் இப்போது பெயர் போடலாம். பக்கத்தை மட்டும் இன்னும் போடவில்லை.

அடுத்த கிழமை புறப்படுகிறோம். உன் கையெழுத்தில் உள்ள அந்தப் பக்கத்தை என் பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். பிரேயஸில் பஸ்ஸை நிறுத்தச் சொல்வேன். தலைவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியாவது கடைசி வரிவரை வாசிப்பேன். உன் முழுப் பெயரையும் சொல்லித்தான் தொடங்குவேன் மச்சான். அமரர் கிமரர் ஒன்றும் போட மாட்டேன்.