டாக்டர் மேடத்துக்கு ஓர் அக்கா உண்டு

என் செல்லக் கோமுவுக்கு,

உனக்கு நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. முதலாவதை மராத்தியில், நர்ஸ் சுனிதா சொல்லச் சொல்ல எழுதினேன். 'மதிப்புக்குரிய மேடம்' என்று ஆரம்பித்து, 'இனி இப்படி நடக்காது' என்று முடித்திருந்தேன். நீ வாங்கிப் படித்துவிட்டு, முகத்தைக்கூட நிமிர்த்தாமல் ஃபைலில் வைத்தாய். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கேட்டது தமிழ்ச் சங்கத்துக்காரர்கள். ஆண்டு மலரில் உனக்குச் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்களாம். "டாக்டர் கோமதி மேடத்துக்குக் கீழ வேலை பார்த்தவங்க யாராவது எழுதினா நல்லாருக்கும்" என்று எங்கள் சுகாதார நிலையமான ஹெல்த் போஸ்ட்டுக்கே வந்து சொன்னார்கள். தாராவியில் இருபது வருஷத்துக்கு மேலாக வீடு வீடாக ஏறி இறங்கும் சுகாதாரத் தொண்டர் நான். எங்கள் கூட்டத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவளும் நான்தான். எல்லோரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். கீழே வேலை பார்த்தது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை.

மீதிப் பாதியை வெளியில் சொல்லக் கூடாது என்றவள் நீ. எங்கள் வார்டுக்குத் தலைமைச் சுகாதார அதிகாரியாக உனக்கு உத்தரவு வந்த வாரம், மாட்டுங்காவில் பூக்கடை ஓரமாக என்னை நிறுத்திச் சொன்னாய். "எக்கா, ஆபீஸ்ல நாம யாரோ எவரோ. தெரிஞ்சா, நான் உனக்கு நல்லது செஞ்சாலும் பேசுவாவ, செய்யலன்னாலும் பேசுவாவ." நானும் தலையாட்டினேன். நாம் வளர்ந்தது செம்பூரில். நான் வாக்கப்பட்டு வந்தது தாராவிக்கு. உன் பெயருக்குப் பின்னால் உன் வீட்டுக்காரர் பெயர், என் பெயருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பெயர். எனக்கு அப்பா சாயல், உனக்கு அம்மா சாயல். அதிலும் நல்லது உனக்குத்தான் போய்ச் சேர்ந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்?

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாட்டுங்காவில் திருட்டுத்தனமாகச் சந்தித்துக்கொண்டோம். கட்டிக்கொடுக்காத பெண்ணும் அவளைச் சுற்றுகிற பையனும்போல. வாரத்தில் ஒரு மணி நேரம் எனக்குத் தங்கச்சி, மற்ற நேரமெல்லாம் மேடம்.

கோமு, ஒளிக்காமல் சொல்கிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை. நேற்று முந்தாநாள் வந்ததில்லை. எனக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குக் கைகொடுக்கவில்லை, கல்யாணம் செய்துவைத்தார்கள். உனக்கு டாக்டர் படிப்பில் இடம் கிடைத்தபோது அம்மா லட்டு வாங்கிக்கொண்டு தாராவிக்கே வந்தாள். நான் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். அரை லட்டைத் தின்றுவிட்டுப் பல்வலி என்றேன். எனக்குப் பல்வலியே கிடையாது என்று உனக்குத் தெரியும்.

அப்புறம் உன் கேபின். நாற்காலி முதுகில் போட்ட வெள்ளைத் துண்டு. நீ உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்து நிற்போம், நானும் எழுவேன். தொட்டிலில் போட்டு ஆட்டிய பிள்ளைக்கு எழுந்து நிற்கும்போது முழங்கால் மட்டுமா வலிக்கும்?

நீ வேலை தெரிந்தவள், அதுதான் இன்னும் எரிச்சல். உன் மீட்டிங்கில் தொண்டர்கள்தான் முதலில் பேச வேண்டும், டாக்டர்கள் கடைசியில்தான். ஒரு சந்தில் நான்கு வீட்டில் வயிற்றுப்போக்கு என்று ஒரு தொண்டர் சொன்னாள் என்பதற்காக, குடிநீர்க் குழாய் சாக்கடையைத் தாண்டும் இடத்தைத் தோண்டச் சொன்னாய். இன்ஜினியர் முறைத்தார். "அவங்க தினமும் அந்த வழியா நடக்கறவங்க, நீங்க நடக்கல" என்று இந்தியில் அவர் வாயை அடைத்தாய். தோண்டினால் குழாயில் விரல் நுழைகிற ஓட்டை. பேப்பரில் உன் படம் வந்தது, குழாயின் படமும் வந்தது. அந்தத் தொண்டரின் படம் வரவில்லை. அது நான்தானே கோமு? ஞாயிற்றுக்கிழமை நீ என் கையைப் பிடித்து, "ஒன்னாலதான்க்கா" என்றாய். பூக்கடை ஓரத்தில் சொன்னாய். அதை மீட்டிங்கில் சொல்லியிருந்தால் என்ன?

சரி, அந்த முதல் கடிதத்துக்கு வருகிறேன். காய்ச்சல் கணக்கெடுப்பு நேரம். பார்த்து முடித்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் குறி போட வேண்டும். தாராவியில் மாடி அறைக்குப் போக இரும்பு ஏணிதான், செங்குத்தாக நிற்கும். அன்றைக்கு என் முழங்கால் மடங்கவே இல்லை. கீழ்க் கதவுகளில் மாடிக்கும் சேர்த்துக் குறி போட்டுவிட்டு நகர்ந்தேன். மறுநாள் நீ சோதனைக்கு வந்தாய். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நீயே ஏணியில் ஏறினாய். மேலே ஒரு குழந்தை காய்ச்சலில் சுருண்டு கிடந்தது. யாரும் வரவில்லை என்றாள் அதன் தாய். உன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாய், பிழைத்துக்கொண்டது.

பிறகு சந்து முழுக்க நிற்க, "ஏணி ஏற முடியலன்னா சொல்லியிருக்கணும். சாக்பீஸ வெச்சுப் பொய் சொல்லக் கூடாது" என்று இந்தியில் சொன்னாய். மெமோ கொடுத்தாய், அதற்குப் பதில்தான் அந்த மராத்திக் கடிதம். நீ சொன்னது நியாயம். அதை இன்றைக்கும் என்னால் மறுக்க முடியவில்லை. ஆனாலும் அந்த ஞாயிறு நான் மாட்டுங்கா பக்கம் வரவில்லை. நீ ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டுப் போனதாக அம்மா பின்னால் சொன்னாள். அந்த ஒரு மணி நேரத்தை நான் என்ன செய்வேன்?

மேற்பார்வையாளர் பட்டியல் இரண்டு தடவை உன் கையால் போனது. இரண்டிலும் என் பெயர் இல்லை. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் மேற்பார்வையாளர் ஆனார்கள். அவர்கள் ஏணி ஏற வேண்டாம், கீழே நின்று நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். நான் கேட்டபோது, "ஒன் பேர எழுதிட்டா நாளைக்கு என் கையெழுத்துக்கு மதிப்பு இருக்காதுக்கா" என்றாய். உன் கையெழுத்தைக் காப்பாற்றியது என் முழங்கால்.

உன் வீட்டுக்காரரின் ஊருக்கு ஒரு விசேஷத்துக்குப் போன இடத்தில் நெஞ்சு வலித்து நீ போய்விட்டாய். ஊரில் ஒரு சாவு என்று மட்டும் ஹெல்த் போஸ்ட்டில் சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வந்த அன்று, யார் செத்தது என்று சுனிதா கேட்டாள். தூரத்துச் சொந்தம் என்றேன்.

அடுத்த வாரம் ஆபீசில் உனக்கு இரங்கல் கூட்டம். உன் படத்துக்குப் பெரிய மாலை. பின்வரிசையில் எங்களுக்கு இடம். சுனிதா மைக் பிடித்தாள். "வோ மேரி சகீ பெஹன் தீ" என்று சொல்லித் தேம்பினாள். தன் கூடப்பிறந்தவளாம் நீ! முன்வரிசையில் இருந்தவர்களெல்லாம் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு டாக்டரம்மா எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். துக்கம் விசாரிக்க அவளைச் சுற்றி ஆள் நின்றது. நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் ஒரு கப் நான்தான் நீட்டினேன்.

சுனிதா நல்லவள். எனக்கு மெமோவுக்குப் பதில் சொல்லிக் கொடுத்தவள். ஆனால் அன்றைக்கு அந்த டீயை அவள்மேல் ஊற்றாமல் இருந்ததே பெரிய காரியம். உன் நாற்காலி, உன் படிப்பு, உன் பெயர் எல்லாவற்றுக்கும் பொறாமைப்பட்டவள் நான். அதெல்லாம் சும்மா என்று அந்த நிமிஷம் தெரிந்தது. அவள் வாயிலிருந்து வந்த 'பெஹன்' என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பொறாமைப்பட்ட மாதிரி நான் எதற்கும் பட்டதில்லை.

உன் இடத்துக்கு வந்திருக்கும் புது அதிகாரி போன வாரம் என்னைக் கூப்பிட்டார். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, இவ்வளவு வருஷம் வேலை பார்த்தும் உங்கள் பெயரை ஏன் ஒரு தடவைகூட அனுப்பவில்லை, மேடத்துக்கு உங்கள்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டார். மேடத்தோடு நல்ல பழக்கம் உண்டா என்றும் கேட்டார்.

"ஒருக்கா மெமோ குடுத்தாங்க சாப், அவ்வளவுதான் பழக்கம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். இந்தத் தடவை உங்கள் பெயர் முதலில் இருக்கும் என்றார். திங்கட்கிழமை கையெழுத்து. சந்தோஷம்தான். ஆனால் உன்னை யாரென்றே தெரியாது என்று உன் கேபினுக்குள்ளேயே நின்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேனே.

நேற்றுச் செம்பூர் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் இப்போது அதிகம் பேசுவதில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "அவ இருந்தவரைக்கும் நீ வாயத் தொறக்கல, சரி. இப்ப யாருக்குப் பயப்படுத, ஏட்டி?" என்றாள்.

யாருக்கு? அந்தப் பதவிக்குத்தான். சொன்னால், அக்கா என்று முன்பே ஏன் சொல்லவில்லை என்பார்கள். தங்கச்சி பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டாள் என்பார்கள். பெயரை அடித்தாலும் அடிப்பார்கள். ரிட்டயர் ஆகிறவரை ஏணிதான்.

இருந்தாலும் இந்த மலர் அச்சாகி வரும்வரை காத்திருக்க மாட்டேன் கோமு. திங்கட்கிழமை காலையில், அவர் பேனாவை எடுப்பதற்கு முன்னால், உள்ளே போய்ச் சொல்வேன். நேர்மை என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதே, அது உன் சங்கதி. என் பெயரை அடித்தால் வீட்டுக்கு வந்து அழுவேன். ஆனால் சொல்வேன், சத்தியம். சுனிதாவைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, அவள் காதில் விழுகிற மாதிரி சொல்வேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த ஒரே அக்கா
இசக்கி